ஆறு வாரம் இறங்காத கை

ஏலீம்விளை கோயிலில் ஐப்பசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தொடங்கிய ஆராதனை, கார்த்திகை பிறந்து பாதி கடந்த பிறகும் முடியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், உங்களை நம்பவைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த ஆராதனையை முடிக்க முடியாமல் வலது கையைத் தூக்கியபடியே நின்றவர் என் வீட்டுக்காரர் அருமைநாயகம் ஐயர், அந்த ஆறு வாரமும் அவருக்குச் சோறு ஊட்டி முதுகு தேய்த்துவிட்டவள் நான், ஆகவே இதைச் சொல்ல என்னைவிட உரிமைப்பட்டவர் யாரும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம், அவர் பெண்டாட்டியை ஐயரம்மா என்போம். சுகிர்தம் என்கிற என் பெயரைச் சொல்லி அவர் ஒருத்தர்தான் கூப்பிடுவார்.

ஆராதனை முடியும்போது ஐயர் பீடத்துக்கு முன்னால் வந்து நின்று வலது கையைத் தூக்கி, கிருபை எல்லாரோடும் இருக்கட்டும் என்று ஆசீர்வாதம் சொல்லுவார், ஜனங்கள் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்ளுவார்கள், ஆமென் என்பார்கள், கை இறங்கும், வீட்டுக்குப் போகலாம். இதற்குக் கிருபை சொல்லுவது என்று பேர். உள்ளதைச் சொல்லவேண்டுமென்றால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பெண்களுக்கு மீன் குழம்பு ஞாபகம் வரும், பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தை மூடும். கோயிலுக்கு வெளியே அது இன்னும் மலிவு. பஸ் கிடைத்தால் கிருபை, ரேஷன் சொசைட்டியில் நல்ல அரிசி போட்டால் கிருபை, பல்வலி நின்றால் கிருபை, எப்படி இருக்கிய என்று எவர் கேட்டாலும், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தாலும், கிருபையால நல்லா இருக்கோம் என்றுதான் எங்கள் வாய் சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், என் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வாரத்திலும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் கிருபை சொன்னார், ஜனங்கள் ஆமென் என்றார்கள், தலை நிமிர்ந்தார்கள், கை இறங்கவில்லை. ஏதோ விசேஷமாக ஜெபிக்கிறார் போலும் என்று எல்லாரும் மறுபடி குனிந்தார்கள், மறுபடி நிமிர்ந்தார்கள், கை அங்கேயே இருந்தது. குனிவதும் நிமிர்வதுமாகக் கால்மணி நேரம் போன பிறகு அவர் தாழ்ந்த குரலில், "கை வர மாட்டேங்கு," என்றார். மூன்று ஆண்கள் போய்ப் பிடித்து இழுத்தார்கள், கல்தூணைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது என்றார்கள், உள்ளங்கை தோசைக்கல் மாதிரி சுட்டது என்றும் சொன்னார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்த பிறகுதான் ஜனங்கள் ஒவ்வொருத்தராகப் பக்கவாசல் வழியாக நழுவினார்கள். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை யாரும் தொடவில்லை, கை இறங்காமல் ஆராதனை முடிந்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

ஏன் இறங்கவில்லை என்று அந்தக் கோயிலில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி நான், இன்னொருத்தர் கை தூக்கி நின்றவர்.

எங்கள் கோயிலில் மேற்குக் கதவு என்று ஒன்று உண்டு. கோயிலைக் கட்டிய காலத்தில் குடித்துவிட்டு அடிதடி செய்தவன், பெண்டாட்டியைத் தள்ளிவைத்தவன், திருடினவன் இப்படிப்பட்டவர்களைச் சபைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவைப்பார்களாம், பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது, இராப்போஜனம் என்கிற அப்பமும் ரசமும் கிடையாது, ஆனால் கிருபையை மட்டும் எவனுக்கும் மறுக்கக் கூடாது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். அதனால் கிருபை சொல்லும்போது மேற்குக் கதவின் இரண்டு பலகையும் விரியத் திறந்திருக்கும், வெளியே நிற்கிறவன் எப்பேர்ப்பட்ட அயோக்கியனாக இருந்தாலும் அவன்மேலும் போய் விழட்டும் என்று. புயலடித்த வருஷத்தில்கூட அந்தக் கதவு அந்த நேரத்தில் மூடினதில்லை. கடைசிப் பாட்டின்போது அதைத் திறந்துவிட்டு, மணியடிக்கப் போய் நிற்பது ஐயருக்கு உதவியாக இருக்கிற மாசிலாமணி உபதேசியாரின் வேலை, முப்பது வருஷமாக அவர் வேலை.

அந்தக் கதவோரக் கடைசி பெஞ்சுதான் என் இடம். ஐயர் கையைத் தூக்கினார், எல்லாரும் குனிந்தார்கள், நானும் குனியப்போகும்போது வேப்பமரத்தடியில் ஒருத்தன் தலையைக் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். தாடியும் நரையுமாக இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? அவன் எலியாசர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்குக் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டுகிற அன்று, ஒயர் வேலை செய்தவன் இந்த எலியாசர், நட்சத்திரத்தோடு மேலே ஏறினவன் என் மகன் ரூபன், இருபத்துநாலு வயது, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். கரண்ட் நிறுத்தியாச்சா என்று மேலேயிருந்து கேட்டான், நிறுத்தியாச்சு என்று கீழேயிருந்து இவன் சொன்னான், நிறுத்தவில்லை. நிறுத்த ஆள் அனுப்பினால் அரைமணி நேரம் ஆகும், வேலை முடிந்தால் குடிக்கப் போகலாம், அவ்வளவுதான் காரணம். என் பிள்ளை அவன் வார்த்தையை நம்பிக் கம்பியைத் தொட்டான். எலியாசர் அன்று ஓடினவன், ஜெயிலுக்கும் போய்விட்டு, இப்போது இங்கே வந்து கிருபை வாங்க நிற்கிறான்.

எனக்கு அந்த நேரத்தில் வந்தது கோபம் என்று நினைக்காதீர்கள், பயம். என் ரூபனுக்கு எது கிடைத்ததோ அதே இவனுக்கும் கிடைக்கும், அளவு குறையாமல் கிடைக்கும், அப்படியானால் என் பிள்ளை செத்ததற்கு என்ன மரியாதை என்கிற பயம். எழுந்தேன், இரண்டு பலகையையும் சேர்த்துத் தள்ளினேன், துருப்பிடித்த தாழ்ப்பாளை அமுக்கிப் போட்டேன், உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். அந்த நேரத்தில் கண் திறந்திருக்கிறவர் ஐயர் ஒருத்தர்தான். அவர் என்னைப் பார்த்தார், ஒரு நொடி நிறுத்தினார், பிறகு சொல்லி முடித்தார்.

அப்புறம் ஊர் அந்தக் கையோடு வாழப் பழகிக்கொண்டது. எதைத்தான் ஊர் பழகவில்லை? சட்டைகளின் வலது தோளைப் பிரித்து நாடா வைத்துத் தைத்தேன், நிலையில் கை இடிக்காமல் நுழைய அவர் முழங்காலை மடக்கி நடக்கக் கற்றுக்கொண்டார், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கக் கற்றுக்கொண்டார், பகலில் முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வாலிபர் சங்கத்தில் முறை போட்டார்கள். ஆனால் ஆராதனை முடியவில்லையே, அதற்கு என்ன செய்வது? பெண்கள் முக்காட்டை எடுக்காமலே சமைத்தார்கள், தண்ணீர் பிடித்தார்கள். ஆண்கள் வெறுங்காலோடு வயலுக்கும் பேங்குக்கும் போனார்கள். கோயிலில் எப்படிப் பேசுவோமோ அப்படி ஊர் முழுக்கத் தணிந்த குரலில் பேசிற்று, குழாயடியில் ஒரு சண்டை கிடையாது, பெட்டிக்கடையில் பீடி வாங்க ஆள் கிடையாது, கல்யாணம் ஒன்று நிச்சயமாகியிருந்ததைத் தள்ளிவைத்தார்கள், ஆராதனை நடுவே யாராவது தாலி கட்டுவார்களா? பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ஒழுக்கத்தைப் பார்த்து மெச்சினார்கள். கிட்டே வந்து பார்த்திருந்தால் எங்கள் முகத்தில் இருந்தது ஒழுக்கமில்லை என்று தெரிந்திருக்கும்.

முதல் வாரம் நோயாளிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கைக்குக் கீழே வந்து நின்றார்கள். இரண்டாவது வாரம் யாரோ ஒருத்தர், வேதத்திலே ஒருத்தர் இப்படிக் கையைத் தூக்கியே நின்றது யுத்தம் நடக்கும்போதுதானே, இப்ப யாரோட யாருக்கு யுத்தம் என்று கேட்டுவிட்டார், அதோடு போயிற்று. ஐயர் தெருவில் வந்தால் ஜனங்கள் அவர் முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். தூக்கின கை எந்த நேரமும் விழும், யார்மேல் விழும், எதற்காக விழும், ஒன்றும் தெரியாது. கிழக்குத் தெரு பொன்னையா தாத்தா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தவர், அவருக்கும் உயிர் போகவில்லை, முடியாத ஆராதனையிலிருந்து எழுந்துபோக அவரும் பயந்தாரோ என்னவோ. எப்படி இருக்கிய என்று கேட்டால், இருக்கோம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினார்கள். பஸ்ஸுக்கும் பல்வலிக்கும் அள்ளி இறைத்த அந்த வார்த்தையை எடுக்க இப்போது ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

ஐயர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஊட்டும்போது வாயைத் திறப்பார், கண்ணைப் பார்ப்பார், உப்பு சரியா இருக்கு சுகிர்தம் என்பார். ஏன்டி சாத்தினே என்று ஒருதரம் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி, அழுது, ஆறியிருப்பேன். அவர் திட்டவில்லை, நான் நாளுக்கு நாள் மெலிந்தேன். கை முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, ஐந்தாவது வாரம் விரல் நுனியில் கறுப்பு ஏறியது. டவுனிலிருந்து வந்த டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் இறங்கவில்லையென்றால் தோளோடு எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆள் தங்க மாட்டார் என்று, இந்த ஊரில் எல்லாரும் பேசுகிற அதே தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சபைக் கமிட்டி எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. அன்றைக்கு என்ன வித்தியாசமாக நடந்தது என்று ஆறு வாரமாகத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவழியாகக் கதவைக் கண்டுபிடித்திருந்தார்கள். பெண்கள் ஐக்கியச் செயலாளர் தங்கபுஷ்பம், தலை நிமிர்ந்தபோது மேற்குக் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். எல்லாரும் மாசிலாமணி உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"திறந்த மாதிரிதான் ஞாபகம். நான்தான் மறந்துட்டேனோ என்னமோ, வயசாயிட்டுல்லா," என்றார். பயம் அந்த மனுஷனைத் தன்மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டது. நாளைக்குள் உபதேசியார் கோயில் வளவு வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகட்டும், அப்போதாவது கை இறங்குகிறதா பார்ப்போம் என்று ஒருத்தர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், திறக்கவில்லை, என் நாக்கு அப்படி மேலே ஒட்டிக்கொண்டது.

அப்போது ஐயர், "உபதேசியார விடுங்க. கதவச் சாத்தினது நான்னு எழுதிக்கிடுங்க," என்றார்.

அவர் நின்றது கிழக்கே பீடத்தில், கதவு இருப்பது எண்பது அடி தள்ளி மேற்கே, கையோ மேலே. இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் சொன்ன முதல் பொய் அது, அதையும் உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் காப்பித் தட்டைக் கீழே வைத்தேன்.

"இவிய பொய் சொல்லுதாவ," என்றேன். "சாத்தினது நான். வெளிய எலியாசர் நின்னான். அவனுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு சாத்தினேன்."

ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. நாற்காலிகளை மெல்லப் பின்னால் தள்ளினார்கள், காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். மாசிலாமணி உபதேசியார் மட்டும் வாசலில் திரும்பி நின்று என்னைப் பார்த்து, "அப்ப நான் திறந்துதான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு நான் ஐயரின் காலடியில் உட்கார்ந்து, "நான் போய் அவனக் கூப்பிடணுமா?" என்று கேட்டேன்.

"போன்னு சொல்ல மாட்டேன் சுகிர்தம். எனக்கும் அவன் என் பிள்ளையக் கொன்னவன்தான்." பிறகு சொன்னார், "நீ எந்திச்சு கதவச் சாத்துனத நான் பாத்தேன்லா? பாத்து எனக்கு சந்தோஷமா இருந்துது. அந்த சந்தோஷத்தோட கிருபை சொன்னேன். கை அதுலதான் மாட்டிக்கிட்டு."

மறுநாள் காலை கோயில் மணி அடிப்பதற்கு முன்னால் நான் எலியாசர் வீட்டுக்குப் போனேன். ஊர்க்கோடியில், அவன் அம்மா செத்த பிறகு பூட்டிக்கிடந்த வீடு, முற்றமெல்லாம் எருக்கு முளைத்திருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினபோது, என் கையும் அப்படியே நின்றுவிடுமோ என்று அவசரமாகக் கீழே இறக்கினேன். அவனே திறந்தான். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அடிக்க வந்தியளா ஐயரம்மா?"

"அடிச்சாத் தீருமா?"

 நான்தான் மறுபடி, "அன்னைக்குக் கதவ மூடுனது ஆருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஒங்க கையப் பாத்தேன்."

"ஊரே பைத்தியம் புடிச்சுக் கெடக்கு. ஒருத்தர்ட்டயும் ஏன் சொல்லல?"

"நீங்க மூடுனது சரிதான," என்றான்.

இவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கொஞ்சம் திமிராக நின்றிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன், கை போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன், உண்மையாகவே இருந்திருப்பேன். "கோயிலுக்கு வா," என்றேன்.

"பயமா இருக்கு ஐயரம்மா."

"எனக்கும்தான். நட."

வெறுங்காலோடு நான் முன்னாலும் அவன் பத்தடி பின்னாலுமாகத் தெருத்தெருவாக நடந்தோம், முக்காடு போட்ட பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், ஒரு குழந்தைகூடக் கத்தவில்லை. வேப்பமரத்தடி வந்ததும் அவன் நின்றுவிட்டான், உள்ளே வர மாட்டேன் என்று தலையாட்டினான். நான் பக்கவாசல் வழியாக உள்ளே போய், மேற்குக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி இரண்டு பலகையையும் விரியத் திறந்தேன். கோயில் நிறைய ஜனம், அந்தக் கோடியில் பீடத்துக்கு முன்னால் ஐயர், தலைக்கு மேலே அந்தக் கறுத்த கை. கதவு திறந்தால் கை இறங்கிவிடும் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். இறங்கவில்லை. பெஞ்சுகளில் ஒரு முனகல் எழுந்தது, கையை எடுத்துவிடுவார்கள், இவர் தங்க மாட்டார், ஒரு பிள்ளையைக் கொடுத்தது போதாதென்று இவரையும் கொடுக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

ஐயர் நடுப்பாதை வழியாக மெல்ல நடந்து வந்தார், பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள் அந்தக் கைக்குக் கீழே ஒடுங்கினார்கள். வாசல்படி இறங்கி எலியாசருக்கு முன்னால் போய் நின்றார். அவன் மண்ணில் முழங்காலிட்டான். ஐயர் கையைத் தாழ்த்தப் பார்த்தார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, முடியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னால மட்டும் முடியாது சுகிர்தம். நீயும் பிடி," என்றார்.

நான் பிடித்தேன். ஆறு வாரத்துக்கு முன்னால் மூன்று ஆண்கள் இழுத்து அசையாத கை, என் இரண்டு கைக்குள் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி கொதித்தது, இழுத்தேன், ஒரு விரற்கடை வந்தது. ரூபன் என்றேன் மனதுக்குள், இன்னொரு விரற்கடை. வேண்டாம் என்று ஒரு பக்கம் என் உடம்பு முழுக்கச் சொல்லிற்று, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன், அழுதுகொண்டே இழுத்தேன், என் பிள்ளையிடம் கரண்ட் நிறுத்தியாச்சு என்று பொய் சொன்னவனின் நரைத்த தலைமேல் என் புருஷன் கையை என் கையால் கொண்டுபோய் வைத்தேன். அந்தத் தலை நடுங்கியது, அதன் நடுக்கம் அவர் கை வழியாக என் கைக்கு வந்தது, மூன்று பேரில் யார் நடுங்குகிறோம் என்று தெரியவில்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை. நான்தான் சொல்லவேண்டியிருந்தது, சொன்னேன்.

கை துவண்டு அவர் இடுப்போரம் விழுந்தது. உள்ளே அத்தனை ஜனமும் ஒரேயடியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது, கொஞ்ச நேரத்தில் கிழக்குத் தெருவிலிருந்து பொன்னையா தாத்தா போய்விட்டார் என்று ஆள் வந்தது. ஜனங்கள் ஆறு வாரம் மழையில் ஊறிய செருப்புகளில் தங்கள் செருப்பைத் தேடிச் சண்டை போட ஆரம்பித்தார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

விரல் நுனிக் கறுப்பு இரண்டு மாதத்தில் மறைந்தது. நான் எலியாசரை மன்னித்துவிட்டேன் என்று ஊரில் சொல்லுகிறார்கள், அதை நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். அவன் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான், உட்கார வேறு இடம் யாரும் கொடுக்காததால் என் கடைசி பெஞ்சின் மறுகோடியில் உட்காருகிறான், நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மாசிலாமணி உபதேசியார் கதவைத் திறந்துவைத்துவிட்டு மணிக்கயிற்றுக்குப் போகிறார், ஐயர் கையைத் தூக்குகிறார், கிருபை சொல்லத் தொடங்குகிறார், அத்தனை பேரும் குனிந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நான் மூடுவதில்லை, அந்தக் கை இறங்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் தற்செயலாகப் பக்கவாட்டில் பார்த்தேன், பெஞ்சின் மறுகோடியில் எலியாசரும் கண்ணை மூடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.